பயாப்ஸி ரிப்போர்ட்ல "சார்சினா"ன்னு வந்திருந்தா என்ன பண்ணணும்?

"அப்பாவுக்கு பல வருஷமா சுகர் இருக்கு, கொஞ்ச நாளா நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்பிக்குது, முந்தின நாள் சாப்பிட்டது அப்படியே வாந்தியா வருது. எண்டோஸ்கோபில சதை எடுத்து பாத்ததுல சார்சினான்னு ஏதோ பாக்டீரியாவாம், ஆன்டிபயாடிக் குடுத்திருக்காங்க. இது கேன்சரா, எங்களுக்கும் ஒட்டுமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

ஒட்டாது, பயப்படாதீங்க. இந்த கிருமி மண்ணுல, காத்துல எல்லாம் இருக்கறதுதான். 1842லயே ஜான் குட்சர்ங்கற ஸ்காட்லாந்து டாக்டர் ஒரு நோயாளியோட வாந்தில இத பாத்து எழுதி வெச்சிட்டார். மைக்ராஸ்கோப்ல நாலு நாலா, எட்டு எட்டா கயிறு போட்டு கட்டின பார்சல் மாதிரி தெரியும், வயித்து அல்சருக்கு காரணமான ஹெச் பைலோரி கிருமிய விட நல்லா பெருசு, அதனால ஒரு தடவ பாத்த பேத்தாலஜிஸ்ட் (சதைய மைக்ராஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் குடுக்கற டாக்டர்) அப்புறம் மிஸ் பண்ண மாட்டார்.

விஷயம் என்னன்னா, ஆசிட்ல கூட இது தாக்குப்பிடிக்கும், ஆனா வளரணும்னா வயித்துல சாப்பாடு தேங்கி கெடக்கணும், அந்த மாவுச்சத்த புளிக்க வெச்சு கேஸ் உண்டாக்கும், உப்புசத்துக்கு அதுவும் ஒரு காரணம். அதனால கிருமிய கொன்னா மட்டும் போதாது, வயிறு ஏன் காலியாகலன்னு கண்டுபிடிக்கணும், என்ன கேட்டா அதுதான் முக்கியமான கேள்வி. உங்கப்பா விஷயத்துல சுகரால வயித்து நரம்பு மந்தமாயிருக்கலாம் (கேஸ்ட்ரோபரேசிஸ்னு சொல்லுவாங்க), இல்ல வயித்தோட கீழ்வாசல்ல அல்சர் தழும்போ கட்டியோ அடைச்சிருக்கலாம். கேன்சர் பத்தி கேட்டீங்களே, சார்சினா கேன்சர் கிடையாது, ஆனா அடைப்புக்கு கேன்சர் காரணமா இருக்கலாம், அதனால "அடைப்பு எதுவும் இல்லையே டாக்டர்?"னு நேரா கேட்ருங்க. அடைப்பு இல்லன்னா கேஸ்ட்ரிக் எம்ப்டியிங் ஸ்கேன் (வயிறு எவ்வளவு வேகமா காலியாகுதுன்னு பாக்கற டெஸ்ட்) எடுப்பாங்க, 4 மணி நேரம் கழிச்சும் 10 சதவீதத்துக்கு மேல சாப்பாடு வயித்துலயே நின்னா மந்தம்னு அர்த்தம். செமாக்ளூட்டைட் மாதிரி சுகர் ஊசி, சில வலி மாத்திரை கூட வயித்த மெதுவாக்கும், எடுத்துக்கற மருந்து லிஸ்ட்ட முழுசா காட்டுங்க, டாக்டர கேக்காம நீங்களா நிறுத்திடாதீங்க.

ஆன்டிபயாடிக்ல வழக்கமா குடுக்கறது மெட்ரோனிடசோலும் சிப்ரோஃப்ளாக்சசினும், கூட ஆசிட் குறைக்கற மாத்திரை. மெட்ரோனிடசோல் போட்டா வாய்ல இரும்பு நக்கின மாதிரி கசப்பு இருக்கும், அதுக்காக பாதில விடக்கூடாது, அந்த நாள்ல மது தொடவே கூடாது. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா பல வேளையா, கொழுப்பும் நாரும் கம்மியா.

அல்சரும் சேந்து இருந்தா கொஞ்சம் உஷாரா இருக்கணும், அபூர்வமா வயித்து சுவர்ல கேஸ் ஏறி ஓட்டை விழுந்ததும் உண்டு. திடீர்னு தாங்க முடியாத வலி, வயிறு கல்லு மாதிரி இறுகறது, காய்ச்சல், ரத்த வாந்தி, கருப்பா மலம், இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போயிடுங்க. மாத்திரை கோர்ஸ் முடிஞ்சதும் மறுபடி எண்டோஸ்கோபி எப்பன்னு இப்பவே கேட்டு தேதி வாங்கி வெச்சுக்கோங்க.