பிரித்து விளையாடட்டும்

கேள்வி: என் பதினான்கு வயது மகன் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு விளையாட்டே கதி என்று இருக்கிறான். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் சென்ற மாதம் வந்தபோது உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாதபடி ஒட்டி விற்கும் 'மிஸ்டரி பூஸ்டர்' பாக்கெட்டுகள் இரண்டைக் கொண்டு வந்து தந்தார். 2019இல் அங்கே நடந்த இந்த விளையாட்டு ரசிகர்களின் மாநாட்டில் மட்டும் கொடுத்தவையாம். உள்ளே இருப்பதெல்லாம் பழைய கார்டுகளின் மறு அச்சாம். மறு அச்சு என்றால் கள்ள நோட்டு மாதிரிதானே? ஆனாலும் வேறெங்கும் கிடைக்காத சரக்கு என்பதால், பிரிக்காமல் வைத்தால் நாளைக்கு நல்ல விலை போகும் என்கிறேன் நான். பிரித்து விளையாட வேண்டும் என்கிறான் அவன். யார் பக்கம் நியாயம்?
– ஒரு தந்தை, ரோஸ் ஹில்

பதில்: 'கள்ள நோட்டு' என்று எழுதிவிட்டீர்களே, ஐயா! இந்த மொரீசியஸ் தீவில் தமிழர் ஒருவர் நோட்டு என்று பேச்செடுத்தால் எனக்கு 1998 நவம்பர்தான் நினைவுக்கு வரும். அதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குள் என்னால் நுழைய முடியாது. உங்கள் மகன் அப்போது பிறக்கவே இல்லை. அவனுக்காகவாவது சொல்கிறேன்.

அதுவரை நம் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்கடுத்து இந்தி என்பதே வரிசை. அந்த நவம்பரில் மொரீசியஸ் வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில் தமிழை மூன்றாம் வரிக்கு இறக்கிவிட்டார்கள். இந்தி பேசும் வழியினர் எண்ணிக்கையில் அதிகம் என்று அதற்கொரு காரணமும் சொல்லப்பட்டது. லாபூர்தொனே 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த பிறகு போர்ட் லூயி நகரம் எழுந்தபோது, அதைக் கட்டிய கைகளில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்களின் கைகளும் இருந்தன. ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே காலூன்றியவர்கள் நாம். தலையெண்ணிப் பார்த்து வரிசையை மாற்றினால் எப்படிப் பொறுப்பது? ஊரே கொதித்தது. நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். 1999இல் பழைய வரிசைப்படியே மீண்டும் அச்சிட்டு வெளியிட்டார்கள். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்த வரியில் தமிழ் நிற்கிறது. பழைய கதையை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்குக் கடிதம் எழுதும் அன்பர்கள் உண்டு. அவர்கள் இந்த முறையும் எழுதட்டும். நானும் மறுபடி கிளறத்தான் போகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு விடையும் அதிலேயே இருக்கிறது. உரிமை இல்லாதவன் திருட்டுத்தனமாக அடித்தால்தான் அது கள்ள நோட்டு. அச்சிட்ட வங்கியே மறுபடி அச்சிட்டால் அதுதான் நாட்டின் பணம். நைந்துபோன நோட்டுக்குப் பதிலாக வங்கி புது நோட்டு அடிக்கும்போது, 'இது மறு அச்சு, வேண்டாம்' என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. இந்த விளையாட்டை 1993 ஆகஸ்டில் வெளியிட்டது 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் வகுத்த ஆட்டம் அது. உங்கள் மைத்துனர் தந்த பாக்கெட்டை அச்சிட்டதும் அதே நிறுவனம்தான். அதில் வரும் பழைய கார்டின் இடது கீழ் மூலையில் ஐந்து முனைகள் கொண்ட ஒரு சிறு சின்னம் இருக்கும். மறு அச்சு என்பதை மறைக்காமல் கார்டின் முகத்திலேயே போட்டிருக்கிறார்கள். இதைவிட நேர்மை என்ன வேண்டும்? அந்தக் கார்டுகளுக்கு ஆட்ட மேசையில் முதல் அச்சுக்கு உள்ள அதே செல்வாக்கு உண்டு.

அந்தப் பாக்கெட் எப்படி அமைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்களே வியந்துபோவீர்கள். மொத்தம் 1,694 பழைய கார்டுகள். அதை 14ஆல் வகுத்துப் பாருங்கள், 121 வரும். பாக்கெட்டில் பதினைந்து கார்டுகள். முதல் பதினான்கு இடங்களில் ஒவ்வொன்றுக்கும் 121 கார்டுகள் கொண்ட ஒரு தனித் தொகுதி, அதிலிருந்து ஒரு கார்டு. வழக்கமான பாக்கெட்டுகளில் அரிய கார்டு ஒன்று கிடைத்தால் பெரிது, மற்றவை சாதாரணம். இதில் பத்து சென்ட்டுக்கும் போகாத கார்டும் நூறு டாலர் கார்டும் ஒரே வாய்ப்போடு வரும். பதினைந்தாவது இடத்தில் பரிசோதனைக் கார்டு ஒன்று. அவை 121 வகை. வடிவமைப்பாளர்கள் மேசையில் முயன்று பார்க்கும் முதல் மாதிரியைப் போல, பழைய கார்டின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி எழுதியது போன்ற தோற்றம். அதிகாரபூர்வப் போட்டியில் அவை செல்லாது. சிரித்து விளையாடுவதற்கென்றே செய்தவை. கால் நூற்றாண்டு விளையாட்டின் வரலாற்றைக் கலைத்துப் போட்டு, பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு கொடுத்த தொகுப்பு இது. வடிவமைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

பாராட்டிய வாயாலேயே கண்டிக்கவும் வேண்டியிருக்கிறது. இவ்வளவு நல்ல தொகுப்பைக் கொண்டுபோய் மாநாட்டு மண்டபத்துக்குள் ஏன் வைத்தார்கள்? 2019 நவம்பரில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் அறிமுகம். 2024இல் இரண்டாம் தொகுப்பு வந்தபோது லாஸ் வேகஸ் மாநாட்டில் அறிமுகம். நம் காத்ர் போர்ன் ஊரில் இருக்கும் ஒரு பள்ளி மாணவன் லாஸ் வேகஸுக்கு எப்படிப் போவான்? நேரடி விமானம் கிடையாது, விசா வேண்டும், டிக்கெட் விலையோ அப்பாவின் சில மாதச் சம்பளம். கிடைக்காத பொருளைப் பலருக்குக் கிடைக்கச் செய்வதற்காகத்தான் மறு அச்சு. அதைச் செய்துவிட்டு, வாசலில் நுழைவுச் சீட்டு கேட்டால் அச்சிட்டதன் பயன் பாதி போய்விடுகிறது.

இந்த நோய் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1989 டிசம்பரில் ஏழாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நம் தீவில் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தமிழ் விழாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மலர். பளபளப்பான அட்டை, அமைச்சர்களின் வாழ்த்து, நடுவில் உண்மையிலேயே அருமையான நான்கைந்து கட்டுரைகள். இவை பேராளர் பையில் போய்ச் சேரும், மேடையில் இருப்பவர்களுக்குச் சேரும், அவ்வளவுதான். கடையில் வராது, பள்ளிக்கு வராது. இங்குள்ள கோயில்களின் கும்பாபிஷேக வரலாற்றைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் அப்படி ஒரு மலர் இருந்தது, பூட்டு தொங்கியது. நெடுநேரம் மன்றாடிய பிறகு திறந்தார்கள். முதுகுப் பக்கம் கரையான் அரித்து, பசை தூளாக உதிர்ந்தது. பக்கங்களைப் புரட்டினால், நடுவில் இரண்டு தாள்கள் மேல் ஓரத்தில் வெட்டப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. அச்சாகி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை. நகல் எடுக்கலாமா என்று கேட்டேன். அபூர்வப் பிரதி என்று மறுத்துவிட்டார்கள். அபூர்வமாக ஆக்கியது யார்? இருநூறு படிகள் கூடுதலாக அச்சிட்டுக் காத்ர் போர்ன் கோயில் காவடியன்று விற்றிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்குமே!

அச்சிட்டதைப் பூட்டி வைப்பவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. போர்ட் லூயி துறைமுகத்தை ஒட்டிய கோதானில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்தை எடுத்துக்காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கும் நண்பர் ஒருவர் உண்டு; அவருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1847 செப்டம்பர் 21 அன்று வெளியான நம் அஞ்சல்தலைகள், ஒரு பென்னி சிவப்பும் இரண்டு பென்னி நீலமும், வகைக்கு 500தான் அச்சாயின. உலகமே தேடும் பொருள். மொரீசியஸ் கமர்ஷியல் வங்கி தலைமையில் நம் நிறுவனங்கள் கூடி, 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து இரண்டையும் தாய்மண்ணுக்கு மீட்டு வந்தன. அதுவும் இந்தக் கார்டு விளையாட்டு பிறந்த அதே 1993ஆம் ஆண்டில்தான். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் மூலத்தின்மேல் ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்களே விளக்கு எரிகிறது. மற்ற நேரத்தில் வருபவர்கள் பார்ப்பது நகலை. பள்ளிப் பிள்ளைகள் அந்த நகலைப் பார்த்துத்தான் வரலாறு கற்கிறார்கள். அருங்காட்சியகம் மூலத்தையும் காக்கிறது, நகலையும் எல்லோர் கண்ணிலும் காட்டுகிறது. நான் கேட்பதும் அதைத்தான்.

அங்கே போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த அஞ்சல்தலைகளைச் செதுக்கிய பர்னார்டு ஞாபக மறதியில் 'போஸ்ட் பெய்ட்' என்பதற்குப் பதிலாக 'போஸ்ட் ஆஃபீஸ்' என்று வெட்டிவிட்டார், அந்தப் பிழையால்தான் இந்த விலை என்று இன்னும் சில வழிகாட்டிகள் கதை விடுகிறார்கள். 1928இல் வந்த ஒரு பிரெஞ்சு நூலால் பரவிய கதை அது. நம் அஞ்சலகமே அக்காலத்தில் பயன்படுத்திய கை முத்திரைகளிலும் 'போஸ்ட் ஆஃபீஸ்' என்றுதான் இருந்தது. உழைத்த ஒரு கைவினைஞனை மறதிக்காரன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பது அநியாயம்.

சரி, விலைக்கு வருகிறேன். உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது.

வேறெங்கும் கிடைக்காது என்று நம்புகிறீர்கள். அந்த மறு அச்சுகள் 2020 மார்ச்சிலேயே கடைகளுக்கு வந்துவிட்டன. பரிசோதனைக் கார்டுக்குப் பதில் பளபளக்கும் கார்டு ஒன்றை வைத்தார்கள். 2021இல் மாநாட்டுப் பதிப்பையே மறுபடி அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். அடுத்து, 'மானா கிரிப்ட்' என்ற கார்டின் கதையைக் கேளுங்கள். 1995இல் ஒரு நாவலை வாங்கி, அதிலிருந்த கூப்பனைத் தபாலில் அனுப்பியவர்களுக்கு மட்டும் வந்த கார்டு அது. மிஸ்டரி பூஸ்டரில் அது கிடைக்குமா என்றே பலர் பிரித்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆடும் 'கமாண்டர்' முறையில் 2024 செப்டம்பரில் அதற்குத் தடை விதித்தார்கள். விலை உடனே சரிந்தது. அலமாரியில் பூட்டி வைத்தவர்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விலை ஏறும் என்று பதுக்குபவர்களால் இந்த விளையாட்டுக்கு நேர்ந்த தீங்கு ஒன்றிரண்டல்ல. 1995இல் பழைய கார்டுகளை 'குரோனிக்கிள்ஸ்' என்ற தொகுப்பாக மறு அச்சிட்டபோது, வாங்கி அடுக்கியிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். 1996இல் நிறுவனம் பணிந்து, இன்னின்ன கார்டுகளை இனி ஒருபோதும் அச்சிட மாட்டோம் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. இன்றும் அந்த வாக்கு நிற்கிறது. விளைவு என்ன? 'பிளாக் லோட்டஸ்' என்ற ஒரே கார்டு, பழுதில்லாத முதல் அச்சாக இருந்தால், லட்சக்கணக்கான டாலருக்கு விற்கிறது. ஆடுவதற்கென்று பிறந்த கார்டை ஆடுபவர்கள் மிகச் சிலரே. 2022இல் முப்பதாம் ஆண்டு என்று சொல்லி அந்தக் கார்டுகளையெல்லாம் பின்புறப் படத்தை மாற்றி அச்சிட்டு, நான்கு பாக்கெட் 999 டாலர் என்று விற்றார்கள். போட்டியில் செல்லாத அறுபது கார்டுகளுக்கு ஆயிரம் டாலர்! மறு அச்சு என்ற நல்ல காரியத்துக்கே அவப்பெயர் தேடித் தந்த செயல் அது.

உங்கள் மகன் சொல்வதுதான் நியாயம். பிரியுங்கள். இரண்டு பாக்கெட் இருப்பது நல்லதாகப் போயிற்று, அதற்கென்றே ஒரு சிறிய ஆட்டம் உண்டு. ஆளுக்கொரு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்ற ஐந்து வகை நிலக் கார்டுகளில் வகைக்கு மூன்று சேருங்கள். அவை அவனிடம் நிறைய இருக்கும். என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமலே முப்பதையும் கலைத்து ஆடத் தொடங்குங்கள். விதிகளை அவன் சொல்லித் தருவான்.