பகலில் எரியும் விளக்கு: கேள்வி பதில்

கார் வயரிங் என் தொழில், கடை சத்துவாச்சாரியில். டிஆர்எல், அதாவது பகலில் தானாக எரியும் முன் விளக்கு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கிளட்ச், ஏசி என் வேலை இல்லை, கேட்காதீர்கள்.

காட்பாடி: அண்ணா, நம்ம ஊர் வெயிலில் பகல் லைட் எதுக்கு? ஸ்டைலுக்குத்தானே?

பாதி சரி. இருட்டும் பனியும் உள்ள ஊர்க்காரர்கள் தொடங்கிய பழக்கம் இது. பகலில் லைட் போட்டு ஓட்டுவதை பின்லாந்து 1972-இல் ஊருக்கு வெளியே குளிர்காலத்துக்கு மட்டும் கட்டாயமாக்கியது. சுவீடன் 1977-இல் ஆண்டு முழுவதுக்கும். ஐரோப்பிய யூனியனில் 2011 பிப்ரவரி முதல் புதிதாக வரும் கார் மாடல்களுக்கு டிஆர்எல் கட்டாயம். நம் உச்சி வெயிலில் அவ்வளவு பலன் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு கே.வி.குப்பம் வழியாகக் குடியாத்தம் போய்ப் பாருங்கள். சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். எதிரே வருகிற வண்டிக்கு அது முதுகுப் பக்கம், அதனால் வண்டியின் முகம் நிழலில் கறுத்துக் கிடக்கும். சாம்பல் நிறக் கார் என்றால் தார் ரோட்டோடு கலந்தே போய்விடும். முன்னால் போகும் கரும்பு டிராக்டரைத் தாண்ட ஆறு வினாடி ஆகிறது, நீங்களும் எதிரே வருபவரும் ஆளுக்கு 60-இல் வருகிறீர்கள் என்று வையுங்கள். அந்த ஆறு வினாடியில் நடுவில் இருக்கிற 200 மீட்டர் தீர்ந்துவிடும். தூரத்திலேயே இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நீங்கள் ஏறவே மாட்டீர்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: டிஆர்எல் மட்டும் எரியும்போது பெரும்பாலான கார்களில் பின்னால் சிவப்பு எரியாது.

ராணிப்பேட்டை: டிஆர்எல் இருக்கும்போது மழையில் ஹெட்லைட்டும் போடணுமா சார்?

கட்டாயம் போடணும். இப்போது வருகிற கார்களில் மீட்டர் எப்போதும் பளிச்சென்று இருக்கிறது. முன்னாலும் வெளிச்சம் தெரிவதால் எல்லா லைட்டும் எரிகிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். வாலாஜா டோல் தாண்டி மழை கொட்டும்போது, பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் கார் தெரியவே தெரியாது. ஹெட்லைட் சுவிட்சை 'ஆட்டோ'வில் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அது பார்ப்பது வெளிச்சத்தை. பகல் மழையில் பல நேரம் எழுந்திருக்காது. கையால் திருப்புங்கள்.

ஆற்காடு: பழைய கார் வைத்திருக்கிறேன். எல்இடி பட்டை வாங்கி மாட்டலாமா?

காசு செலவில்லாத வழி, பகலில் லோ பீம் (ஹெட்லைட்டின் தாழ்ந்த வெளிச்சம்) போட்டு ஓட்டுவது. பின்னால் சிவப்பும் சேர்ந்தே எரியும். மாட்டியே தீருவேன் என்றால் வெள்ளை மட்டும். மினுக்குகிற சிவப்பு-நீலம் வேண்டாம். பேட்டரியிலிருந்து நேரடியாக இழுக்காதீர்கள், காலையில் செல்ஃப் எடுக்காது. இக்னிஷன் போட்டால் இழுக்கிற ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்ப் ஃபியூஸ், பார்க்கிங் லைட் போட்டதும் பட்டை அணைகிற மாதிரி ஒரு வயர், இவ்வளவுதான். ஃபியூஸ் இல்லாமல் ஒயரைக் கிள்ளி டேப் சுற்றி விட்ட வண்டிகள் என் கடைக்கு வருகின்றன. திறந்தால் இன்சுலேஷன் உருகி விரலில் ஒட்டும்.

ஆம்பூர்: 100 வாட் பல்பு போட்டால் இன்னும் நல்லா தெரியுமே?

ஹோல்டர் உருகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். வேண்டாம்.

பாகாயம்: அண்ணா, என் பைக்கில் பகலிலும் ஹெட்லைட் எரியுது. எதிரே வர்றவங்க எல்லாம் விரலை மூடித் திறந்து காட்டுறாங்க. ஆஃப் சுவிட்ச் வைத்துத் தருவீங்களா?

மாட்டேன் தம்பி. 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளுக்கு அது சட்டம். சைகை காட்டுபவருக்குத் தலையாட்டிவிட்டுப் போ. அவர் உன்னைப் பார்த்துவிட்டார், அதுதானே வேண்டியது?

மறுபடியும் பாகாயம்: பேட்டரி இறங்கிடுமே?

இன்ஜின் ஓடும்போதுதான் அது எரியும். சார்ஜிங்கும் அப்போதுதான் நடக்கிறது.

வாலாஜாபேட்டை (லாரி ஓட்டுபவர்): குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். இடது கண்ணாடியில் எனக்கு பைக் தெரியாது, தூசிக்குள்ள அந்த லைட்தான் தெரியும். தம்பி, சுவிட்ச் வைக்காதே.

மறுபடியும் பாகாயம்: சரிண்ணா, ஆனால் கார், லாரி எல்லாம் லைட் போட்டால் அந்தக் கூட்டத்தில் என் ஒரு லைட் எப்படித் தனியாகத் தெரியும்?

இது கேள்வி! ஐரோப்பாவில் பைக் ஓட்டுபவர்களின் சங்கங்களே இதைச் சொல்லி கார் விளக்கை எதிர்த்தன. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் இன்னும் பின்னுக்குப் போகிறார்கள், அவர்களுக்கு லைட்டே இல்லை. ஆனால் இதிலிருந்து நீ எடுக்கிற முடிவுதான் தலைகீழ். சுற்றி எல்லாரும் எரியவிட்டிருக்கும்போது நீ மட்டும் அணைத்தால் முதலில் காணாமல் போவது நீதான். சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வராமல் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. வருகிறாயா இல்லையா?

மறுபடியும் பாகாயம்: சில நேரம்…

தெரியும்.

திருப்பத்தூர்: பைக் லைட்டை அணைக்க சுவிட்ச் எங்கே கிடைக்கும்?

மேலே படியுங்கள்.

அணைக்கட்டு: டிஆர்எல்லால் மைலேஜ் குறையுமா?

எல்இடி இழுப்பது சில வாட். உங்களுக்குத் தெரியாது, பெட்ரோல் பங்க்குக்கும் தெரியாது.

வேலூர்: வெளியில் மாட்டினால் வாரண்டி, இன்சூரன்ஸ்?

ஒயரை வெட்டினால் வாரண்டியில் தகராறு வரலாம். ஷோரூமில் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் கேளுங்கள்.

குடியாத்தம்: டவுனுக்குள்ள தெருவிளக்கு இருக்கே, ராத்திரி டிஆர்எல் மட்டும் போதுமா?

பின்னால். சிவப்பு. எரியாது.

சத்துவாச்சாரி: அண்ணா, ஏசி கூலிங் கம்மியா இருக்கு, கடைக்கு வரவா?

ஏசி மெக்கானிக்கைப் பாருங்கள்.