செடி நோய் கேள்வி-பதில்: மருந்து கேக்குறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க

கே: ஏற்காட்டுல நிழல்வலைக்குள்ள ஆந்தூரியம் வெச்சிருக்கோம். இலை ஓரம் மஞ்சளாகிக் கருகுது. வெயிலா, நோயா?

ப: இலைய வெளிச்சத்துக்கு நேரா புடிங்க. ஓரத்துல எண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி புள்ளி தெரிஞ்சு, சுத்தி மஞ்சளும் இருந்தா சாந்தோமோனாஸ்ங்கிற பாக்டீரியாவால வர்ற கருகல்தான். காலைல இலை ஓரத்துல துளித்துளியா தண்ணி நிக்குது பாருங்க, அந்தத் தண்ணி வர்ற துளை வழியாத்தான் பாக்டீரியா உள்ள போகும், அந்த மூடுபனில நீங்க சாயங்காலம் வேற மேலாப்ல தண்ணி தெளிச்சா கேக்கவே வேணாம். காம்பு அடியோட சுளுவா கழண்டு வந்தா செடி பூரா பரவிடுச்சுன்னு அர்த்தம், புடுங்கி எரிச்சுடுங்க. பூ வெட்டுற கத்தரிய செடிக்குச் செடி ஸ்பிரிட்ல முக்குங்க.

கே: மாடி ரோஜால கறுப்புப் புள்ளி. எந்த பாக்டீரியா மருந்து?

ப: எதுவும் வேணாம். அது பூஞ்சை.

கே: ஆத்தூர் பக்கம் மருந்துக்கூர்க்கன் (கோலியஸ் மூலிகை) திட்டுத்திட்டா வாடுது. கடையில சொல்லி ஸ்ட்ரெப்டோசைக்ளின்ங்கிற பாக்டீரியா மருந்து ரெண்டு தடவை அடிச்சாச்சு. போட்டோ அனுப்பிருக்கேன். அடுத்து என்ன அடிக்கலாம்?

ப: போட்டோல செத்த செடி தெரியுது. எதனால செத்துச்சுன்னு எப்படிங்க தெரியும்? வேரைப் புடுங்கிக் காட்டினீங்களா? நோய் என்னன்னே பாக்காம கடைக்காரர் குடுத்தாராம், நீங்களும் அடிச்சீங்களாம், பாக்டீரியா வாடலாவே இருந்தாலும் அது தண்டுக்குள்ள தண்ணி ஏறுற குழாயில இருக்கு, நீங்க இலை மேல அடிக்கிறீங்க. இப்பத்தான் வாட ஆரம்பிச்ச செடியா பாத்து அடித்தண்டுல ரெண்டு இஞ்ச் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணில நுனி மட்டும் படுற மாதிரி ஆட்டாம புடிங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல வெட்டுவாய்ல இருந்து பால் நூல் மாதிரி வெள்ளையா இறங்கினா ரால்ஸ்டோனியா, பாக்டீரியா வாடல். இறங்கலைன்னா வேரழுகலா இருக்கலாம். வேர்ல முடிச்சு இருக்கான்னும் பாருங்க, நூற்புழு போட்ட காயம் வழியாத்தான் பல வயல்ல இது உள்ள நுழையுது. பாக்டீரியா வாடல்தான்னு தெரிஞ்சா வாடுன செடிய வேரோட எடுத்துடுங்க, அந்தத் திட்டுல இருந்து தண்ணிய மத்த பாத்திக்கு விடாதீங்க. அடுத்த போகம் தக்காளி, கத்தரி, மொளகா, இஞ்சி எதுவும் வேணாம், எல்லாத்துக்கும் இதே வாடல் வரும். மக்காச்சோளம் போடுங்க. வாடுன வயல்ல இருந்து நடவுக்குத் தண்டு எடுக்காதீங்க, எத்தனை தடவ சொல்றது!

கே: சோத்துக்கத்தாழை அடியில கொழகொழன்னு நாறுது.

ப: மென்னழுகல், அந்தச் செடி தேறாது. தண்ணி அதிகம் ஊத்திருக்கீங்க. சுத்தமான பக்கக்கன்னு இருந்தா புது மண்ணுல வைங்க.

கே: நித்யகல்யாணில பூ பச்சையா வருது, புது ரகமா?

ப: ரகம் இல்லீங்க, ஃபைட்டோபிளாஸ்மா. இதுவும் பாக்டீரியா இனம்தான், செல்சுவர் கிடையாது, தத்துப்பூச்சி பரப்பும். டம்ளர் சோதனைல இது தெரியாது, பூவைப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும். புடுங்கிடுங்க. அழகா இருக்குன்னு தண்டு ஒடிச்சு தங்கச்சி வீட்டுக்குக் குடுத்ததா எழுதிருக்கீங்களே, அவங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிடுங்க.