கடலடிக் கேள்விகள்: வடகடலா, தென்கடலா?

ஸ்கூபா பயிற்சி முடித்து, 18 மீட்டர் வரை இறங்குவதற்கான சான்றிதழ் வைத்திருக்கிறேன். வரும் ஜூன் மாதம் நண்பர்கள் நால்வருடன் பாம்பனுக்கு வந்து, குருசடைத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் இறங்கிப் பார்க்க விரும்புகிறேன். இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– மதுரை வாசகர்

தாங்கள் தேர்ந்தெடுத்த இடம், மாதம் ஆகிய இரண்டையுமே மாற்ற வேண்டியிருக்கும்.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவாக இருக்கின்றன. குருசடையும் அவற்றுள் ஒன்று. வனத்துறை நடத்தும் படகுப் பயணத்தில் சென்று பார்ப்பது வேறு, முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்குவது வேறு. இரண்டாவதற்கு எழுத்து மூலமான அனுமதி கட்டாயம் தேவை. "யாரும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அழைத்துச் செல்பவரோடு கடலுக்குப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அனுமதியைப் பொருட்படுத்தாதவர் படகில் அவசர உதவிக்கான ஆக்சிஜன் உருளை வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், ஒடிந்து கிடக்கும் துண்டைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வரக் கூடாது.

இனி மாதத்தைப் பார்ப்போம். பாம்பன் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. இங்குள்ளவர்கள் தென்கடல், வடகடல் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் (தென்மேற்குக்) காற்று தென்கடலைக் கொந்தளிக்கச் செய்து, அடிமணலைக் கிளறி, நீரைக் கலங்கலாக்கிவிடும். அந்த நாட்களில் வடகடல் ஓரளவு அமைதியாக இருக்கும். வாடைக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழாகும். ஆகவே ஜூனில் வருவதானால் வடகடல்தான் வழி. ஆனால் அது சேறும் மணலும் படிந்த ஆழமற்ற கடல், பெரும்பகுதி 13 மீட்டருக்கு உட்பட்டது. அங்குள்ள பவளத் திட்டுகளும் கரையோரத்திலேயே சில மீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். தங்கள் 18 மீட்டர் சான்றிதழுக்கு அங்கே வேலையில்லை. தென்கடலின் தெளிவைக் காண விரும்பினால் வாடை ஓய்ந்து கச்சான் தொடங்கும் முன், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாருங்கள். ஏப்ரல் முதல் நீர் சூடேறுவதால் பவளம் வெளுக்கத் தொடங்கலாம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெருமளவில் அப்படி நிகழ்ந்தது.

நாளைத் தீர்மானிக்கும்போது ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்ப்பதோடு, முந்தைய நாள் மாலை நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம் தண்ணீர் தெளிவா கலங்கலா, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுக்கும். பாம்பன் கால்வாயும் அரிச்சல்முனையும் எந்த மாதத்திலும் பொழுதுபோக்காக இறங்கும் இடங்கள் அல்ல.

என் பாட்டனார் கீழக்கரையில் சங்கு குளித்தவர். மூச்சை அடக்குவதே அவருடைய தொழில். ஸ்கூபா வகுப்பிலோ, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதையே முதல் பாடமாகச் சொல்கிறார்கள். அவரைவிட ஆழம் குறைந்த இடத்தில் இறங்கும் எனக்கு ஏன் இந்தக் கட்டுப்பாடு?
– கீழக்கரை வாசகர்

தங்கள் பாட்டனார் நீரின் மேல் இருந்தபோது இழுத்த காற்றையே சுமந்துகொண்டு கீழே போனார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும். மேலே வந்ததும் பழைய அளவுக்கே திரும்பும், அதற்கு மேல் விரியாது. தாங்கள் அதே 10 மீட்டரில் சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுக்கும் காற்றோ அந்த ஆழத்தின் அழுத்தத்தில் உள்ளே போகிறது. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழ்கள் இரத்தத்தில் கலந்து மூளை வரை போகக்கூடும்.

ஆழம் குறைவு என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. அழுத்தம் மிக வேகமாக மாறுவது மேற்பரப்பை ஒட்டிய சில மீட்டர்களில்தான். நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கி ஓரிரு மீட்டர் எழுவதே ஆபத்தாகலாம். அலை தூக்கித் தாழ்த்தும் ஆழமற்ற பாறைகளின் மேல் நீந்தும்போது இதை மறக்கக் கூடாது. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் எழுந்து, 5 மீட்டரில் 3 நிமிடங்கள் நின்று, அதன்பின் மேலே வருவது நல்ல வழக்கம்.

கலங்கிய நீரில் பாறை இடுக்குகளைச் சுற்றிவிட்டு மேலே வந்தால், படகு எங்கோ தொலைவில் நிற்கிறது. திசை தவறாமல் திரும்புவது எப்படி?
– மண்டபம் வாசகர்

இறங்கும் முன்பே, படகில் இருந்தபடி திசைகாட்டியைப் பாறையின் பக்கம் நீட்டிப் பாகையைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் திசை அதிலிருந்து 180 பாகை. முதல் பாதியை நீவாட்டுக்கு எதிராக நீந்தினால், களைத்திருக்கும் இரண்டாம் பாதியில் அது தங்களைப் படகை நோக்கிக் கொண்டுவரும். மணலடியில் காணப்படும் வரிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாகவே ஓடுவதால், திசைகாட்டி சொல்வதைச் சரிபார்க்க அவை உதவும். சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் (அழுத்த அலகு) இருந்தால், கரையோரப் பாறையில் பாதி செலவாகும் வரை காத்திராமல் 130-ஐ எட்டியதும் திரும்பிவிடுவதே என் பரிந்துரை. 50 பாருக்குக் குறையாமல் படகேறுங்கள். துணையைக் காணவில்லையென்றால் ஒரு நிமிடம் மட்டும் தேடிவிட்டு மேலே வாருங்கள். அவரும் அவ்வாறே வருவார் என்பதை முன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். விசைப்படகுகள் ஓடும் கடலில், எழும் முன் மிதவைக் குறியை மேலே அனுப்புவது அவசியம்.

விமானத்தில் இலங்கை சென்று, மட்டக்களப்புக்கு அருகில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலைப் பார்க்கலாம் என்கிறான் நண்பன். புதியவர்களுக்கு அது ஏற்றதா?
– இராமநாதபுரம் வாசகர்

ஏற்றதல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், 50 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையோ 40 மீட்டர். அதைத் தாண்டி இறங்கத் தனிப் பயிற்சியும் தனி வாயுக் கலவையும் வேண்டும்.

ஆழம் குறைந்த கப்பல் சிதைவுகளிலும் முதலில் வெளிப்புறத்தை மட்டும் சுற்றிப் பாருங்கள். உள்ளே நுழைந்தவரின் கால்துடுப்பு ஒருமுறை தரையைத் தட்டினாலே வண்டல் கிளம்பி, வந்த வாசல் மறைந்துவிடும். அதனால்தான் வாசலிலிருந்து கயிறு கட்டிச் செல்லும் பயிற்சி பெறாத எவரும் நுழையக் கூடாது என்கிறோம். இரும்புக்கு அருகில் திசைகாட்டியும் பொய் சொல்லும். அறுந்த வலைகள் சிதைவுகளில்தான் வந்து மாட்டும். அவற்றில் சிக்கினால் சுழன்று திமிறாமல் அப்படியே நின்று, துணை கத்தியால் அறுத்துவிடும் வரை நிதானமாக மூச்சு விடுங்கள்.

திரும்பும் விமானத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: ஒரே முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரமாவது, பலமுறை அல்லது பல நாட்கள் இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழிந்த பிறகே ஏற வேண்டும்.