செவன் சாமுராய் பார்த்தாச்சு, அப்புறம் எதற்கு மேக்னிஃபிசன்ட் செவன்?

ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ பார்த்துவிட்டேன், அதையே கௌபாய் படமாக எடுத்த ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ பார்ப்பதில் புதிதாக ஏதாவது இருக்கிறதா, இல்லை அதே கதையைக் குதிரையும் தொப்பியும் மாட்டி எடுத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. கட்டாயம் பாருங்கள். மூலத்துக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனால் மூலத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு. அதைச் சொல்ல முடிவு வரைக்கும் பேச வேண்டியிருக்கும். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு அப்புறம் வாருங்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அறுவடை முடிந்ததும் கொள்ளைக்காரர்கள் வந்து விளைச்சலை வாரிக்கொண்டு போகிறார்கள். தாங்க முடியாத விவசாயிகள் சண்டை தெரிந்த ஆட்களைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். ஏழு பேர் வருகிறார்கள். ஊர் தப்பிக்கிறது, நாலு பேர் சாகிறார்கள். குரோசவா 1954இல் எடுத்தது 207 நிமிடம், கதை நடப்பது 1586இல். ஜான் ஸ்டர்ஜஸ் 1960இல் எடுத்தது 128 நிமிடம், கதை நடப்பது மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில். அவர் ஒன்றும் திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. உரிமை வாங்கி, டோஹோ நிறுவனத்தின் ஜப்பானியப் படத்தை அடிப்படையாகக் கொண்டது என்று டைட்டிலிலேயே போட்டிருக்கிறார். (நாலு வருஷம் கழித்து இத்தாலியில் செர்ஜியோ லியோனி, குரோசவாவின் ‘யோஜிம்போ’வை யாரையும் கேட்காமல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ ஆக்கினார். டோஹோ வழக்குப் போட்டு, உலக வசூலில் 15 சதவீதம் வாங்கியது. அது தனிக் கதை.)

விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியப் படத்தில் அந்த நாலு சாமுராய்களும் எப்படிச் சாகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஹெய்ஹாச்சி, கொரோபேய், க்யூஸோ, கிகுச்சியோ, நாலு பேருமே துப்பாக்கிக் குண்டுக்குத்தான் பலி. வாளால் ஒருவர்கூட வெட்டுப்படவில்லை. கொள்ளையர் கூட்டம் நாற்பது பேர், அவர்களிடம் இருப்பது மூன்றே துப்பாக்கி. கடைசிச் சண்டையில் கொட்டுகிற மழைக்குள் க்யூஸோ விழுகிறாரே, வாள்வீச்சில் அவரை மிஞ்ச அந்தப் படத்தில் ஆளே கிடையாது. எங்கிருந்தோ ஒருத்தன் சுடுகிறான், முடிந்தது. வாள் பிடித்தவன் காலம் போய்விட்டது என்று யாரும் வசனம் பேசவில்லை. நடப்பதைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம்.

இந்தக் கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? மூலத்தில் வீரர்களைக் கொன்ற அதே துப்பாக்கிதான் இங்கே வீரர்களின் தொழில். வாளுக்குப் பதில் துப்பாக்கி என்று மாற்றிவிட்டால் கதை ஓடும், ஆனால் துக்கம் காணாமல் போய்விடும். ஸ்டர்ஜஸ் படத்தின் கெட்டிக்காரத்தனமே, அந்தத் துக்கத்தை வேறு இடத்தில் தேடிப் பிடித்ததில்தான் இருக்கிறது. இவர்களைக் கொல்ல இன்னொரு ஆயுதம் வரவில்லை. ஊர் அடங்கிவிட்டது, சட்டமும் மளிகைக் கடையும் வந்துவிட்டன, இவர்களுக்கு வேலை இல்லை. அவ்வளவுதான்.

இதைப் படம் முதல் இருபது நிமிடத்துக்குள் காட்டிவிடுகிறது. எல்லை ஓரத்தில் ஒரு சிற்றூர். தெருவில் ஒரு கிழவர் செத்துக் கிடந்திருக்கிறார். பழங்குடிக்காரர். போகிற போக்கில் அதைப் பார்த்த வெளியூர் வியாபாரி ஒருவர் அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தும், வெள்ளைக்காரர்கள் படுத்திருக்கும் இடுகாட்டில் இவரைப் புதைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் மிரட்டுகிறார்கள். சவ வண்டி ஓட்டுகிறவன் பயந்து ஓடிவிட்டான். (பிணம் போகிற பாதையை மறிப்பது நமக்கும் தெரியாத விஷயம் இல்லை.) அப்போது கறுப்பு உடையில் யுல் பிரைனர், அதாவது கிறிஸ், ‘வண்டிதானே, நான் ஓட்டுகிறேன்’ என்று ஏறி உட்காருகிறார். ஸ்டீவ் மக்குவீன், அதாவது வின், ஒரு துப்பாக்கியைக் கடன் வாங்கிக்கொண்டு பக்கத்தில் ஏறுகிறார். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. வண்டி மெதுவாக மேடேறுகிறது. இருவரும் கண்ணால் ஜன்னல்களைத் துழாவிக்கொண்டே பேசுவது என்ன? நீ எங்கிருந்து வருகிறாய், அங்கே ஏதாவது நடக்கிறதா, இல்லையப்பா, எல்லாரும் அடங்கிக் குடியும் குடித்தனமும் ஆகிவிட்டார்கள், எங்கே போனாலும் இதே கதைதான். உயிர் போகக்கூடிய பயணத்தில் வேலை இல்லாத இரண்டு பேர் வேலை நிலவரம் பேசிக்கொள்கிறார்கள்.

மூலத்தில் இதே இடத்தில் இருப்பது, குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் திருடனிடமிருந்து அதை மீட்க, சாமுராய்களின் தலைவர் காம்பெய் குடுமியை மழித்துத் துறவி வேஷம் போடும் காட்சி. அதில் பெரிய விஷயம் குடுமிதான். ஒரு சாமுராய் தன் அந்தஸ்தைத் தானே சிரைத்து எறிகிறார், சுற்றி நிற்கும் கூட்டம் வாய் பிளந்து பார்க்கிறது. அமெரிக்காவில் குடுமி கிடையாது. அதனால் தங்கள் ஊரிலேயே யாரைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று தேடி, இடுகாட்டை எடுத்துக்கொண்டார்கள். ரீமேக் செய்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது.

இன்னொரு மாற்றம் தற்செயலாக வந்தது. மூலத்தில் கிராமத்துப் பெரியவர், பசித்த சாமுராயைத் தேடிப் பிடியுங்கள் என்கிறார், பசித்தால் கரடிகூட மலை இறங்கி வரும் என்பது அவர் கணக்கு. மேக்னிஃபிசன்ட் செவன் எடுத்தது மெக்சிகோவில். அதற்கு முன்னால் அங்கே எடுத்துப்போன ஒரு ஹாலிவுட் படம் மெக்சிகோக்காரர்களைக் கேவலமாகக் காட்டியதில் அந்த நாட்டு அரசுக்குக் கோபம் இருந்தது. அதனால் தணிக்கைக்காரர்கள் படப்பிடிப்பிலேயே கண்கொத்திப் பாம்பாக இருந்தார்கள். எங்கள் விவசாயிகள் அமெரிக்கனைக் கூலிக்குக் கூப்பிடப் போக மாட்டார்கள், துப்பாக்கி வாங்கத்தான் போவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று அப்படியே எழுதினார்கள். விவசாயிகள் துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லி கிறிஸிடம் வருகிறார்கள். துப்பாக்கி விலை அதிகம், இப்போதெல்லாம் ஆட்கள்தான் மலிவு என்கிறார் அவர். இருபது டாலர், ஆறு வாரம், சாப்பாடு. அதற்கு ஆள் கிடைக்கிறது என்பதே படம். அதிகாரிகள் பிடித்த பிடிவாதத்தில் பிறந்த வசனம் படத்திலேயே நல்ல வசனமாகிவிட்டது. (அதே அதிகாரிகளால்தான் வயலில் வேலை செய்யும் ஆளின் வெள்ளைச் சட்டை கடைசி வரை துவைத்துப் போட்டதுபோலவே இருக்கிறது. குரோசவாவின் சேற்றைப் பார்த்த கண்ணுக்கு இது உறுத்தும்.)

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். படத்தின் நடுவில், சண்டை எதுவும் இல்லாத ஒரு நேரத்தில் வீரர்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். துப்பாக்கிக்காரன் வாழ்க்கை எவ்வளவு கெத்து என்று பையன் சிகோ பேச, மற்றவர்கள் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் மதுக்கடைக்காரர்கள் நூறு, இருநூறு பேர். வாடகை அறைகள் ஐந்நூறு. வீடு, இல்லை. மனைவி, இல்லை. பிள்ளை, இல்லை. எதிர்காலம், பூஜ்யம். அப்புறம் கிறிஸ் அதே பட்டியலைத் திருப்பிப் போடுகிறார். கட்டிப்போடும் இடம், இல்லை. பிடி வைத்திருக்கும் மனிதர், இல்லை. ஒதுங்கி வழிவிட வேண்டிய ஆள், இல்லை. லீ சேர்ந்துகொள்கிறான்: விழுங்கிய அவமானம், இல்லை. எதிரி, இல்லை. எதிரியே இல்லையா என்று கேட்டால், உயிரோடு இல்லை என்கிறான். முதல் பட்டியலில் வயிற்றைப் பிசைந்த அதே ‘இல்லை’, இரண்டாவதில் பெருமையாகக் கேட்கிறது. மூலத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது. இருக்கவும் முடியாது. எஜமானை இழந்தாலும் சாமுராய்க்குத் தன் குலம் என்று ஒன்று இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

அந்த லீ (ராபர்ட் வான்) இன்னொரு நல்ல படைப்பு. கையுறையும் டையுமாக நாகரிகமாகத் திரிகிறவன், ஒரு ராத்திரி மேஜைமேல் இருக்கும் ஈக்களைக் கையால் பிடிக்கப் பார்க்கிறான். மூன்றில் ஒன்றுதான் சிக்குகிறது. ஒரு காலத்தில் மூன்றையும் பிடித்திருப்பேன் என்கிறான். ஜேம்ஸ் கோபர்ன் செய்த பிரிட், அப்படியே க்யூஸோதான், வாளுக்குப் பதில் கத்தி வீச்சு. ஆனால் ஒரு இடத்தில் தப்பி ஓடும் குதிரைக்காரனை வெகு தூரத்திலிருந்து சுட்டு வீழ்த்துகிறான். இதைவிட நல்ல குறி நான் பார்த்ததே இல்லை என்று சிகோ வாய் பிளக்க, இதைவிட மோசமான குறி கிடையாது, நான் குதிரையைத்தான் குறி வைத்தேன் என்கிறான். ஹாரி என்பவன், இந்த ஊரில் தங்கம் புதைந்திருக்கும், கிறிஸ் மறைக்கிறார் என்று கடைசி வரை நம்புகிறான். அவன் சாகும்போது, ஆமாம், தங்கம் இருக்கிறது என்று கிறிஸ் பொய் சொல்லி அனுப்பி வைக்கிறார்.

சறுக்கியது சிகோவில். மூலத்தின் கத்துக்குட்டி கட்ஸுஷிரோவையும், விவசாயியாகப் பிறந்து சாமுராயாக நடிக்கும் கிகுச்சியோவையும் ஒரே ஆளுக்குள் திணித்து ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ் தலையில் கட்டிவிட்டார்கள். கிராமத்தில் ஒளித்து வைத்த கவசங்கள் கிடைக்கும்போது கிகுச்சியோ பேசும் பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். விவசாயி பொய்யன், கஞ்சன், கொலைகாரன், ஆனால் அவனை அப்படி ஆக்கியது யார், நீங்கள்தானே என்று கிகுச்சியோவாக நடித்த மிஃபூனே உறுமுவார். கேட்டுக்கொண்டிருக்கும் காம்பெய்க்குக் கண் கலங்கும். சிகோவும் அதையே சொல்கிறான், எங்களை இப்படி ஆக்கியது துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்று. வரி நல்ல வரி. ஆனால் முன்னும் பின்னும் எதுவும் ஊன்றாமல், போகிற போக்கில் வந்து போய்விடுகிறது. கட்ஸுஷிரோவுக்குக் கிடைக்காத பெண் இவனுக்குக் கிடைத்தும் விடுகிறாள். ஹாலிவுட் இல்லையா.

வில்லன் விஷயத்தில் எனக்கு ரீமேக்தான் பிடிக்கும். மூலத்தின் கொள்ளையர்களுக்கு முகமே இல்லை, காம்பெய் காகிதத்தில் ஒவ்வொன்றாக அடித்துவிடும் வட்டங்கள்தான் அவர்கள். அது குரோசவாவின் திட்டம், குறையில்லை. ஆனால் ஈலை வாலக் செய்த கால்வெரா வாய் மூடாமல் பேசுகிறான். கொள்ளையடிக்க வந்தவன், காலம் கெட்டுவிட்டது, ஜனங்களுக்குப் பக்தி போய்விட்டது என்று பாதிக்கப்பட்டவன் மாதிரி அலுத்துக்கொள்கிறான். என்னிடமும் பசியோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று நியாயம் வேறு. ரோமம் கத்தரிக்க வேண்டாம் என்றால் கடவுள் ஏன் இவர்களைச் செம்மறி ஆடாகப் படைத்தான் என்று கேட்பதும் அவன்தான்.

நடுவில் ஒரு திருப்பம் சேர்த்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களில் சிலரே பயந்துபோய்க் கால்வெராவை உள்ளே விட்டுவிட, ஏழு பேரும் மாட்டிக்கொள்கிறார்கள். அவனோ இவர்களைக் கொல்லாமல், ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடச் சொல்லித் துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறான். எந்தக் கொள்ளைக்காரனாவது இப்படிச் செய்வானா? லாஜிக் சுத்தமாக இடிக்கிறது. ஆனால் இந்த ஓட்டையை வைத்துத்தான் படம் தன் பெரிய கேள்விக்கு வருகிறது. கூலி கிடையாது, கூப்பிட்டவர்களே காட்டிக் கொடுத்துவிட்டார்கள், போனால் சாவு. திரும்பிப் போகிறார்கள். ஹாரி மட்டும் முதலில் விலகிப் பிறகு வந்து சேர்கிறான். குண்டடி பட்டுச் சாகும் கால்வெரா கிறிஸிடம் கேட்கிறான்: இந்த மாதிரி ஊருக்கு, உன்னை மாதிரி ஆள், ஏன் திரும்பி வந்தாய்? பதில் இல்லை. கிறிஸ் வாயே திறக்கவில்லை. அவன் புரியாமலே சாகிறான்.

எல்மர் பெர்ன்ஸ்டீனின் இசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படம் பார்க்காதவர்களுக்கும் அந்த மெட்டு தெரிந்திருக்கும், பிற்பாடு மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்துக்கே அது போனது. மக்குவீன் சேட்டைகளை மட்டும் கவனியுங்கள். பிரைனர் பேசும்போதெல்லாம் பின்னால் இவர் தொப்பியைத் தொடுவார், தோட்டாவைக் காதருகே குலுக்குவார். நம் கண்ணைத் தன் பக்கம் இழுக்கும் வேலை. பிரைனர் கடுப்பானதில் ஆச்சரியமே இல்லை.

2016இல் டென்சல் வாஷிங்டனை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். சண்டைகள் அமர்க்களம், பொழுது போகும். ஆனால் அதில் நாயகனின் அம்மாவையும் தங்கைகளையும் கொன்றதே வில்லனின் ஆட்கள்தான் என்று ஒரு முன்கதை வைத்திருக்கிறார்கள். ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு ஒரு பழிவாங்கலைப் பதிலாகக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் படத்தில் யோசிக்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. 1960 படத்தையே பாருங்கள்.