கேள்வி பதில்: டெஸ்டருக்கு எரிச்சல் வந்தால் எழுதலாமா?

கேள்வி: ஆறு மாதமாக மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டராக இருக்கிறேன். சில பக்கங்களைச் சோதிக்கும்போது எனக்கே எரிச்சல் வருகிறது, ஆனால் டெஸ்ட் கேஸ் (எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற குறிப்பு) எல்லாம் பாஸ். 'உன் ஃபீலிங்ஸை எல்லாம் டிக்கெட்டில் எழுதாதே' என்கிறார் டீம் லீட் (டிக்கெட் என்பது பிழையை டெவலப்பருக்குத் தெரிவிக்கும் பதிவு). அவர் சொல்வது சரியா?
– வாசகி, கோவை

பதில்: பாதி சரி. 'எரிச்சலாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் டெவலப்பர் அந்த டிக்கெட்டை மூடிவிடுவார், திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லையே. ஆனால் எரிச்சலை விழுங்கிவிட்டு அடுத்த டெஸ்ட் கேஸுக்குப் போகாதீர்கள். அந்த இடத்திலேயே கையை நிறுத்தி, கடைசியாக எதைத் தட்டினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒருமுறை பணம் அனுப்பும் ஆப் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஐஎஃப்எஸ்சி எண்ணில் ஒரு எழுத்து தப்பாகப் போட்டால் சிவப்பில் எச்சரிக்கை வரும், ரெக்வயர்மென்ட்படி, அதாவது ஆப் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபடி, அது சரி. கூடவே மேலே அடித்திருந்த கணக்கு எண்ணும் அழிந்துபோகும். முதல் தடவை திரும்ப அடித்தேன், இரண்டாம் தடவையும் அடித்தேன், மூன்றாம் தடவை 'ச்சே' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்புறம் திரையைப் பார்த்தால், அவசரத்தில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருக்கிறேன். எண்ணை இரண்டாவது முறை கேட்டு உறுதிசெய்யும் கட்டமும் அந்தப் பக்கத்தில் இல்லை. பணம் முன்பின் தெரியாத ஒருவர் கணக்குக்குப் போயிருக்கும்! டிக்கெட்டில் எரிச்சல் என்ற சொல்லையே நான் எழுதவில்லை; 'ஐஎஃப்எஸ்சி தப்பானால் கணக்கு எண்ணும் அழிகிறது, திரும்ப அடிக்கும்போது பிழை வருகிறது, பணம் வேறு கணக்குக்குப் போகலாம்' என்று எழுதினேன். அந்த ரிலீஸிலேயே சரிசெய்தார்கள். அந்த 'ச்சே' வராமல் இருந்திருந்தால் எனக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: மென்பொருள் என்பது லாஜிக். அதில் மனித உணர்வுக்கு என்ன வேலை? உண்மையில் பெரிய பாதிப்பு ஏதாவது நடந்திருக்கிறதா?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: நடந்திருக்கிறது, உயிர்கள் போயிருக்கின்றன. தெராக்-25 என்று கனடாவில் செய்த கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது.

1986 மார்ச்சில், டெக்சாஸில் டைலர் என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த இயந்திரத்தை இயக்கிய பெண்ணுக்கு அந்த வேலை நன்றாகப் பழகிப்போனது, விரல் படபடவென்று ஓடும். எலக்ட்ரான் கதிருக்கான 'இ' அடிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்-கதிருக்கான 'எக்ஸ்' அடித்துவிட்டார், உடனே மேலே போய்த் திருத்தினார், மற்ற கட்டங்களுக்கு என்டர் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளே காந்தங்கள் நிலைக்கு வர எட்டு வினாடி ஆகும். அதற்குள் திருத்தி முடித்துவிட்டதால் மென்பொருள் அந்தத் திருத்தத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அதற்கு என்ன பொருள் என்று திரையில் ஒரு விளக்கமும் கிடையாது. இந்த மாதிரிச் செய்திகள் அடிக்கடி வரும், 'பி' தட்டினால் வேலை தொடரும். அவரும் தட்டினார். உள்ளே படுத்திருந்த நோயாளிமேல் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு இரண்டாம் முறையும் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

அந்தப் பெண்மேல் பழி போடாதீர்கள். தினமும் பொய்யாகக் குரைக்கும் நாயை யார் எழுந்து பார்ப்பார்கள்? சலிப்பை உண்டாக்கியது அந்த மென்பொருள்தான். தயாரிப்பாளர் பக்கம் அளவுக்கு மீறிய நம்பிக்கை, தங்கள் இயந்திரம் அப்படிச் செய்ய வழியே இல்லை என்றார்கள். ஏப்ரலில் அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் அதே 54 வந்தபோது, அங்கிருந்த இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் அந்தப் பெண்ணும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, என்ன அடித்தோம் என்று ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தித் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். மெதுவாக அடித்தால் பிழை வராது, வேகமாக அடித்தால்தான் வரும். நிதானமாக உட்கார்ந்து சோதிக்கிறவருக்கு அது எப்படிச் சிக்கும்? இதைப் படித்த நாளிலிருந்து நான் எந்தப் பக்கத்தையும் ஒரு தடவையாவது அவசரக்காரர் மாதிரி அடித்துப் பார்க்காமல் விடுவதில்லை.

கேள்வி: நான் டெவலப்பர். டெஸ்டர் ஒரு பக் (பிழை) இருக்கிறது என்று டிக்கெட் போட்டாலே என்னையே குறை சொன்ன மாதிரி வலிக்கிறது.
– வாசகர், சென்னை

பதில்: வலிக்கத்தான் செய்யும், ராத்திரி கண்விழித்து எழுதியது ஆயிற்றே. கணினி அறிஞர் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-லேயே டெஸ்டிங் பற்றிய தன் புத்தகத்தில், எழுதியவரே தன் புரோகிராமைச் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இது ஓடும் என்று காட்ட உட்கார்ந்தால், ஓடுகிற மாதிரியான உள்ளீடுகளையே நம் கை தானாகத் தேர்ந்தெடுக்கும். டெஸ்டரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'நீங்கள் இதை விட்டுவிட்டீர்கள்' என்று எழுதாமல் 'இந்தப் பக்கம் இப்படிச் செய்கிறது' என்று எழுதச் சொல்லுங்கள். எழுவாயை மாற்றினாலே பாதி வலி குறையும்.

கேள்வி: எல்லாம் ஆட்டோமேஷன் ஆகிவிட்டது. இனி டெஸ்டரின் மனசு எதற்கு?
– வாசகி, மதுரை

பதில்: 2014 டிசம்பரில் ஃபேஸ்புக் 'இயர் இன் ரிவ்யூ' என்று, ஒவ்வொருவரின் அந்த வருடத்துப் படங்களைத் தானாகத் தொகுத்துக் காட்டியது. வெப் டிசைனர் எரிக் மேயரின் மகள் அந்த வருடம்தான் இறந்திருந்தாள். அந்தக் குழந்தையின் படத்தைச் சுற்றி ஆட்டம்பாட்டமாகச் சித்திரங்களைப் போட்டு, உங்கள் வருடம் இப்படி இருந்தது என்று அவர் கண்முன் நீட்டியது. நிரல் சொன்னபடிதான் ஓடியது, எந்த ஸ்கிரிப்டும் (தானாகச் சோதிக்கும் நிரல்) அதைத் தப்பு என்று சொல்லியிருக்காது. இந்த வருடம் யாரையாவது இழந்தவர் இதைத் திறந்தால் என்ன ஆகும் என்று ரிலீஸுக்கு முன் ஒரு மனிதர் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்கிரிப்டுகளை ராத்திரி ஓடவிடுங்கள், தினமும் ஒரே இருநூறு பக்கத்தைச் சலிக்காமல் பார்க்க அவைதான் சரி. காலையில் ஒரு மணி நேரம் மட்டும், ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு ஒரு கையில் ஃபைலும் மறு கையில் போனுமாகப் பணம் கட்டுகிறவராக உங்களை நினைத்துக்கொண்டு அதே ஆப்பைத் திறந்து பாருங்கள்.