கேள்வி பதில்: குளிரில் முரண்டு பிடிக்கும் பழைய டீசல் பிக்கப்

அக்டோபர் வரை டயர், இன்சூரன்ஸ் என்று விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், குளிர் இறங்கியதும் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பழைய டீசல் பிக்கப்காரர்கள்தான் அதிகம். அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. புது வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2000 மாடல் ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். மைனஸ் 10 வரைக்கும் பிரச்சினை இல்லை. மைனஸ் 20-க்குக் கீழே போனால் வெள்ளையாகப் புகையைக் கக்குகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. கடையில் காட்டினால் டீசலைப் பீய்ச்சுகிற 8 இன்ஜெக்டரையும் மாற்றணும் என்று சொல்லி, தலை சுற்றுகிற மாதிரி ஒரு தொகை சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?
— ஒரு வாசகர், எட்மன்டன், கனடா

இப்போதைக்கு ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். வெள்ளைப் புகை வருகிறதே, அதுவே டீசல் சிலிண்டருக்குள் போய்ச் சேர்கிறது என்பதற்குச் சாட்சி. போகிறது, எரியத்தான் இல்லை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை இறுக்கி அமுக்குவதில் வருகிற சூட்டிலேதான் எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். மைனஸ் 25-இல் உள்ளே வருகிற காற்றும் ஜில், சுற்றி இருக்கிற இரும்பும் ஜில், எவ்வளவு அமுக்கினாலும் தேவையான சூடு சேராது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக, மின்சாரத்தில் சூடேறும் 8 க்ளோ பிளக் வைத்திருக்கிறார்கள். தேய்ந்துபோன இன்ஜெக்டரும் குளிரில் அடம்பிடிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் சோதிக்கிற வரிசையில் அது கடைசி.

இந்த 7.3-இல் முதல் சந்தேகம் க்ளோ பிளக் ரிலே மேல்தான், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரம் திறந்துவிடுகிற சுவிட்ச். எஞ்சினுக்கு மேலே, ஃப்யூயல் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும். 8 பிளக்கும் சேர்ந்து முதல் சில நொடிகளில் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அத்தனையும் அந்தச் சின்ன ரிலே வழியாகத்தான் போக வேண்டும். வருஷக்கணக்கில் அப்படிப் போய்ப் போய் உள்ளே காண்டாக்ட் கருகிவிடும். இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: சாவியைப் போட்டதும் ரிலே "டக்" என்று சத்தம் கொடுக்கும், நாமும் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். சத்தம் வருவது வேறு, மின்சாரம் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது வேறு. மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பெரிய போல்ட்டையும் பாருங்கள். ஒன்றில் எப்போதும் பேட்டரி வோல்ட் இருக்கும், சாவி போட்டதும் மற்றதிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். வரவில்லை, அல்லது ஒன்றிரண்டு வோல்ட் குறைச்சலாக வருகிறது என்றால் ரிலேயை மாற்றுங்கள். இன்ஜெக்டருக்குச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் இது டீ செலவு.

ரிலே சரியாக இருந்தால் அடுத்து பிளக்குகள். வால்வு கவர் ஓரமாக இருக்கும் கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஓரத்திலும் வெளிப்பக்கமாக இருக்கும் இரண்டிரண்டு பின்களுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். 2 ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் பிளக் உயிரோடு இருக்கிறது, ஓப்பன் என்று காட்டினால் ஒன்று பிளக் போயிருக்கும், இல்லை கவருக்கு அடியில் இருக்கிற வயரிங் கனெக்டர் தளர்ந்து கருகியிருக்கும். கவரைத் திறக்கிற நிலை வந்துவிட்டால் ஒன்றை மட்டும் மாற்றாமல் எட்டையும் மாற்றிவிடுங்கள், மோட்டோர்கிராஃப்ட் அல்லது பேரு (Beru) கம்பெனி பிளக்காகப் பார்த்து வாங்குங்கள். மலிவுப் பிளக் சிலது நுனி வீங்கி உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அப்புறம் ஹெட்டைக் கழற்றுகிற கதை.

டேஷ்போர்டில் அந்த "பொறு" விளக்கு அணைந்ததும் உடனே சாவியைத் திருப்புகிறீர்களா? அந்த விளக்குக்கும் ரிலே ஓடுகிற நேரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கடும் குளிரில் பிளக்குகள் 2 நிமிடம் வரை சூடாகிக்கொண்டே இருக்கும், விளக்கு அதற்கு எவ்வளவோ முன்னாலேயே அணைந்துவிடும். எனவே அணைந்த பிறகும் அரை நிமிடமாவது பொறுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், எஞ்சின் ஆயில். இந்த எஞ்சினில் இன்ஜெக்டரைத் தள்ளித் திறப்பதே அதிக அழுத்தத்தில் வரும் எஞ்சின் ஆயில்தான், சுமார் 500 பிஎஸ்ஐ சேராமல் அது சுடவே சுடாது. கோடைக்குப் போட்ட 15டபிள்யூ-40 மைனஸ் 25-இல் கெட்டிப்பட்டுக் கிடக்கும், ஸ்டார்ட்டரும் திணறும், அழுத்தமும் மெதுவாகத்தான் ஏறும். 5டபிள்யூ-40 சிந்தெடிக் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அந்த ஊரில் அது ஆடம்பரம் இல்லை.

புகையே வராமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு வியாதி. அப்போது முதலில், எஞ்சின் சுற்றுகிற நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் பொசிஷன் சென்சாரைப் பாருங்கள். 7.3 வைத்திருப்பவர்களில் விவரமானவர்கள் ஒரு உபரி சென்சாரும் ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனரும் வண்டியிலேயே போட்டு வைத்திருப்பார்கள்.

அண்ணை, பிளாக் ஹீற்றரை இரவு முழுக்கச் செருகி விடலாமோ? கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு மனிசி சத்தம் போடுறா.
— ஸ்கார்பரோ வாசகர்

பில் விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம், தம்பி. (பிளாக் ஹீட்டர் தெரியாதவர்களுக்கு: வீட்டு மின்சாரத்தில் செருகி, எஞ்சினுக்குள் இருக்கும் கூலண்டைச் சூடாக்குகிற ஹீட்டர்.) ஃபோர்டு 7.3-இல் இருப்பது 1000 வாட், டாட்ஜ் பிக்கப்பில் வரும் கம்மின்ஸ் 5.9 எஞ்சினில் 750 வாட். 1000 வாட் ஹீட்டர் இரவு 10 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். ஆனால் 3, 4 மணி நேரத்துக்குள் கூலண்ட் ஏறவேண்டிய சூட்டுக்கு ஏறிவிடும், அதற்கு மேல் எரிக்கிற மின்சாரம் எல்லாம் தெருவைச் சூடாக்குவதற்குத்தான். வெளியில் வைக்கிற டைமர் ஒன்று வாங்கி, கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்னால் ஓடும்படி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் தடிமனாக இருக்கட்டும், மெல்லிசு வயர் சூடாகி உருகும்.

அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பலர் செத்துப்போன ஹீட்டரைத்தான் தினமும் செருகிக்கொண்டிருக்கிறார்கள். பிளக்கின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள், 1000 வாட் என்றால் 14 ஓம் பக்கத்தில், 750 என்றால் 19 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லை என்றால் பெரும்பாலும் போயிருப்பது கேபிள்தான்.

அடுக்குமாடியில் இருக்கிறோம், பிளக் பாயிண்ட் இல்லை என்று இன்னும் சிலரும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு பேட்டரிதான் எல்லாம். இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி இணையாக இருக்கும், அதில் ஒன்று சோர்ந்தாலும் மற்றதையும் சேர்த்து இழுத்துப்போட்டுவிடும். அதனால் மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட் 10-க்குக் கீழே சரிந்தால் குளிர்காலத்துக்கு முன்னாலேயே கடையில் லோடு டெஸ்ட் போட்டுவிடுங்கள். பேட்டரி மேல் எழுதியிருக்கிற சிசிஏ எண் (குளிரில் ஸ்டார்ட் பண்ண எத்தனை ஆம்பியர் தரும் என்பது) மைனஸ் 18-இல் அளந்தது, மைனஸ் 30-இல் அந்த எண்ணை நம்பி உட்கார முடியாது. சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். பக்கம் வீங்கி உறைந்து கிடக்கிற பேட்டரிக்கு ஜம்பர் கேபிள் மாட்டினால் வெடிக்கலாம்.

வண்டியை ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவது இன்னொரு பழக்கம். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் சூடே ஏறாது. ரொறன்ரோ நகர விதியும் ஒரு மணி நேரத்தில் 1 நிமிடத்துக்கு மேல் ஐட்லிங் கூடாது என்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் ஆயில் ஓடட்டும், அப்புறம் மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். முன் கிரில்லை மறைக்கிற கவர் ஒன்று போட்டால் ஹீட்டர் காற்றும் சீக்கிரம் வரும்.

ஸ்டார்ட்டிங் ஃப்ளூயிட் ஸ்பிரே அடித்தால் உடனே பிடிக்கிறதே, அடிக்கலாமா?
— ரெஜைனா

கூடாது. அது ஈதர். க்ளோ பிளக்கோ, காற்று உள்ளே வருகிற வழியில் இருக்கும் இன்டேக் ஹீட்டரோ செந்தணலாக இருக்கும்போது அது உள்ளே போனால் வேளை கெட்ட வேளையில் பற்றி பிஸ்டனை உடைக்கும், இன்டேக் பைப்பையே பிய்த்தெறியும்.

டெக்சாஸிலிருந்து 2001 டாட்ஜ் கம்மின்ஸ் ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். நார்த் டகோட்டா வரை ராஜா மாதிரி ஓடியது, ராத்திரி ஓட்டலில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. பம்ப் போய்விட்டதா?
— வின்னிபெக் வாசகர்

பம்ப்பைப் பிறகு பார்க்கலாம், தெற்கிலே நிரப்பிய டீசலை முதலில் சந்தேகப்படுங்கள். டீசலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்குமே, அதே சங்கதிதான் உங்கள் டாங்க்கில் நடந்திருக்கிறது. குளிர் பிரதேசங்களில் எண்ணெய்க் கம்பெனிகள் பருவத்துக்குத் தகுந்தபடி டீசலை மாற்றி விற்கும், டெக்சாஸில் அதற்கு என்ன அவசியம்? பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனதுமே அந்த டீசல் கலங்க ஆரம்பித்து, மெழுகு ஃபில்டரில் போய் அடைக்கும். லைனில் மிச்சம் இருந்ததை வைத்து இரண்டு நிமிடம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

உறைவதைத் தடுக்கிற மருந்தை டீசல் கலங்குவதற்கு முன்னாலேயே ஊற்ற வேண்டும், கலங்கிய பிறகு ஊற்றிப் பயன் இல்லை. பவர் சர்வீஸ் கம்பெனியில் வெள்ளை பாட்டில் முன்கூட்டியே ஊற்ற, சிவப்பு பாட்டில் உறைந்த பிறகு ஊற்ற. இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டு மருந்து சரியில்லை என்று திட்டுகிறவர்கள் உண்டு. உறைந்துவிட்டால் சூடான கராஜில் வண்டியைத் தள்ளிவிட்டு, ஃபில்டரை மாற்றி, சிவப்பு மருந்து ஊற்றுவதுதான் வழி. பெட்ரோல் கலக்கச் சொல்லும் பெரியவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். மெழுகு மாதிரியே தண்ணீரும் வில்லன்தான், ஃபில்டர் அடியில் தங்கிய தண்ணீர் உறைந்து கல்லாகிவிடும், அதை அவ்வப்போது திறந்து வடித்துவிடுங்கள். உபரி ஃபில்டர் ஒன்று சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருக்கட்டும்.

ஃபில்டர் மாற்றிய பிறகும் வண்டி நின்றால் சந்தேகம், டாங்க்கில் இருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப் மேல் போகலாம். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த கம்மின்ஸில் லிஃப்ட் பம்ப் சோர்ந்தால் அதற்கு அடுத்திருக்கிற விலை அதிகமான விபி44 இன்ஜெக்ஷன் பம்ப்பையும் கொண்டுபோய்விடும். ஒரு ஃப்யூயல் பிரஷர் கேஜ் மாட்டி வையுங்கள்.

பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்க ஆசை. எது வாங்கலாம்? ஊரில் மாமா வைத்திருந்த ஹைலக்ஸ் டபுள் கேப் ஒருநாளும் காலை வாரியது இல்லை, அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்.
— பிராம்டன்

மாமாவின் ஹைலக்ஸுக்கு யாழ்ப்பாணத்து வெயில் துணை இருந்தது, உங்களுக்கு அது கிடையாது. என் ஓட்டு 1994 முதல் 1998 வரையிலான 12 வால்வு கம்மின்ஸுக்கு. பம்ப் முழுக்க மெக்கானிக்கல், க்ளோ பிளக்குக்குப் பதில் இன்டேக்கில் ஒரு ஹீட்டர், கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் என்று பெரிதாக எதுவும் இல்லை. முன்பக்க கியர் கேஸுக்குள் டவல் பின் (dowel pin) என்று ஒரு சின்ன உலோக முளை உண்டு, அது கழன்று கியருக்குள் விழுந்தால் கதை முடிந்தது, அதற்குத் தடுப்புத் தகடு போட்டாயிற்றா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அந்த எஞ்சினின் இழுப்புக்கு ஈடு கொடுக்காது, மேனுவல் கிடைத்தால் விடாதீர்கள். அடுத்தது 7.3. 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு 6.0 மலிவாகக் கிடைக்கும், ஏன் மலிவு என்பதை வாங்கியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பேட்டரி சோர்ந்தாலே அதன் இன்ஜெக்டர் கன்ட்ரோல் மாட்யூல் கெட்டுப்போகும், குளிர் ஊருக்கு அது சரிப்பட்டு வராது.

ஆனால் எஞ்சினை விட முக்கியம், வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்பது. ஒன்டாரியோவில் ரோட்டில் கொட்டுகிற உப்பு வண்டியைக் கீழிருந்து தின்றுவிடும். ஆல்பர்ட்டாவில் உப்பு வேலை செய்யாத அளவுக்குக் குளிர் என்பதால் மணலும் ஜல்லியும்தான் அதிகம், கண்ணாடி உடையும், ஆனால் ஃபிரேம் பிழைக்கும். படுத்துக் கீழே பாருங்கள்: பிரேக் லைன், டீசல் டாங்க் பட்டை, ஸ்பிரிங் மாட்டுகிற இடம். ஒரு சின்னச் சுத்தியால் ஃபிரேமைத் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று பேசும். 7.3 என்றால் ஆயில் பானைக் கட்டாயம் பாருங்கள், அது துருப்பிடித்து ஒழுகினால் மாற்றுவதற்கு எஞ்சினையே தூக்க வேண்டும். வாங்கிய பிறகு வருஷா வருஷம் குளிருக்கு முன் வண்டியின் அடியில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் ஸ்பிரே அடித்துவிடுங்கள். கொஞ்ச நாள் வீட்டு வாசலில் சொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் ஸ்டார்ட் ஆனதும் என் 7.3 ஜெட் விமானம் மாதிரி "உஸ்ஸ்" என்கிறது. ஏதாவது கோளாறா?
— கால்கரி

இல்லை. சீக்கிரம் சூடாக்குவதற்காக டர்போவுக்குப் பின்னால் ஒரு வால்வு மூடிக்கொண்டு புகையை அடைக்கிறது, அந்தச் சத்தம்தான். சூடு ஏறியதும் தானே அடங்கும். சூடான பிறகும் சத்தம் நிற்காமல், இழுவையும் இல்லை என்றால் வால்வு மூடியபடியே சிக்கிவிட்டது, அப்போது கழற்றிப் பார்க்க வேண்டும்.

என் மச்சான் லேயில் ராணுவத்தில் டிரைவர். அங்கே டீசல் டாங்க்குக்கு அடியில் நெருப்பு மூட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுவோம் என்கிறார். கதை விடுகிறாரா?
— திருநெல்வேலி வாசகர்

கதை இல்லை, லடாக் டிரைவர்கள் வெகுகாலமாகச் செய்து வந்ததுதான். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்ற தைரியத்தில் செய்கிறார்கள், ஆனால் ஒழுகுகிற ஆயிலும் ரப்பர் குழாயும் பற்றும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்குக் கொண்டுவந்தது. அது கிடைக்கிற இடத்தில் அடுப்பு மூட்ட வேலை இல்லை. மண்ணெண்ணெய் கலப்பதும் உண்டு. பழைய மெக்கானிக்கல் பம்ப் கொஞ்சம் தாங்கும், அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புதுவகை காமன் ரெயில் எஞ்சினில் வழவழப்பு குறைந்து பம்ப் தேய்ந்துவிடும் என்று மச்சானிடம் சொல்லுங்கள்.

பண்ணை வைத்திருக்கும் நண்பர் சாயம் கலந்த மலிவு டீசல் தருகிறேன் என்கிறார். எஞ்சினுக்குக் கெடுதலா?
— ரெட் டியர்

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது ரோட்டு வரி கட்டாத டீசல், பொதுச் சாலையில் ஓட்டினால் குற்றம். டாங்க்கில் இருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தாலே சாயம் தெரிந்துவிடும், அபராதம் மிச்சம் பிடித்ததை விடப் பெரிதாக இருக்கும்.